டெசலேஷன் பள்ளத்தாக்கில் எண்ணெய்க் கடலா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், டெசலேஷன் பள்ளத்தாக்குக்கு அடியில் லட்சம் கோடி பீப்பாய் எண்ணெய் கடல்போலத் தேங்கிக் கிடக்கிறது, துளை போட்டால் பீறிடும், எல்லாம் டைனோசர் செத்து ஆன எண்ணெய் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

எண்ணிக்கை மட்டும் கற்பனையல்ல. அந்தப் பள்ளத்தாக்கு அமைந்திருக்கும் யூன்டா படுகையில் சுமார் 1.32 லட்சம் கோடி பீப்பாய் என்று அமெரிக்க நிலவியல் ஆய்வகமே மதிப்பிட்டிருக்கிறது. ஆனால் அது தேங்கி நிற்கும் எண்ணெய் அல்ல. பாறைக்குள் இறுகிய கெரோஜன் என்ற திடப்பொருள். ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த ஏரியில் பாசி மடிந்து படிந்து உண்டானது அது. டைனோசர்களோ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன!

அந்தப் பாறையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: புத்தகத் தாள்போல மெல்லிய அடுக்குகள். செழிப்பான துண்டு தீயில் எரியவும் செய்யும், ஆனால் ஒரு சொட்டுகூட ஒழுகாது. எண்ணெயாக்க சில நூறு டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். அந்தச் செலவு கட்டுப்படியாகாமல்தான் 1982-ல் பக்கத்து மாநிலமான கொலராடோவில் எக்சான் எண்ணெய் நிறுவனம் இப்படிப் பாறையிலிருந்து எண்ணெய் எடுக்கும் தன் திட்டத்தையே கைவிட்டது.

சரி, அங்கே எண்ணெயே இல்லையா? உண்டு. படுகையின் கிணறுகளில் நிஜமாகவே எடுக்கிறார்கள். மெழுகு மிகுந்த அந்த எண்ணெய், சூடு ஆறினால் உறைந்துவிடும்.