பருத்தி இழையில் லிக்னின் கிட்டத்தட்ட கிடையாது

தாவரச் செல்லின் முதல் சுவருக்கு உள்ளே பிறகு உருவாகும் இரண்டாம் நிலைச் செல்சுவர் தடிப்பதற்கே லிக்னின்தான் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்) காரணம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அது சரியல்ல. மரத்திலேயே சுவரின் பெரும்பங்கு செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள். லிக்னின் அதன் இடைவெளிகளில் பிறகு படிந்து இறுக்குகிறது. பருத்தி இழையிலோ லிக்னின் ஏறக்குறைய இல்லவே இல்லை. முதிர்ந்த இழையில் 90 சதவீதத்துக்கு மேல் செல்லுலோஸ்தான்.

பூ மலர்ந்த நாளிலிருந்து சுமார் மூன்று வாரம் இழை நீளும். அது முடியும் தறுவாயிலேயே முதல்நிலைச் சுவருக்கு உட்புறமாக, அடுக்கடுக்காகச் செல்லுலோஸ் படியத் தொடங்கி 40 நாளைத் தாண்டியும் தொடரும். இந்தக் கட்டத்தில் இரவு வெப்பநிலை 15 டிகிரியை ஒட்டி இறங்கினால் படிவு வெகுவாகக் குறையும். நீளம் சரியாக இருந்தும் சுவர் மெலிந்துபோவது இதனால்தான். அந்த இழை நூற்பாலையில் முடிச்சு முடிச்சாகத் திரளும், சாயமும் சரியாக ஏறாது.

இழை முதிர்ந்ததா, அதாவது சுவர் நன்கு தடித்ததா என்று சோதிப்பது எளிது. 18 சதவீத காஸ்டிக் சோடாக் கரைசலில் இழைகளை ஊறவைத்து நுண்ணோக்கியில் பாருங்கள் (கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்). முதிர்ந்தது உப்பி, முறுக்கு நீங்கிக் குச்சிபோல நிற்கும். முதிராதது தட்டை நாடாவாகவே கிடக்கும். மைக்ரோனேர் எண்ணை (இழைத் திரளின் வழியே காற்று எவ்வளவு எளிதாகப் புகுகிறது என்று அளந்து பெறும் எண்) மட்டும் நம்பக் கூடாது. அதில் இழையின் பருமனும் முதிர்ச்சியும் கலந்தே வரும்.