வானத்தைப் பார்க்காமலே வானத்தைப் பற்றிப் பிரசங்கிக்கிறோம்

டிசம்பர் 31 இரவு. ஆண்டிறுதி ஆராதனை முடிந்து, வாக்குத்தத்த அட்டையும் ஒரு துண்டு கேக்கும் வாங்கிக்கொண்டு சபை வெளியே வரும்போது மணி பன்னிரண்டேகால் ஆகியிருக்கும். தமிழ்நாட்டின் எந்த ஊரானாலும் சரி, இரவு வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் அப்போது ஏறக்குறைய நேர் தெற்கே, நல்ல உயரத்தில் நிற்கும். அதற்குக் கீழே, அடிவானத்திலிருந்து இரண்டரை முஷ்டி உயரத்தில், பிரகாசத்தில் இரண்டாவதான அகத்தியர் நட்சத்திரம். (கையை நேராக நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி சுமார் 10 பாகை.) இவை இரண்டும் நள்ளிரவில் உச்சத்துக்கு வருவது சரியாக இந்த நாட்களில்தான். ஆனால் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. ஆலய முகப்பில் தொங்கும் எல்.இ.டி. நட்சத்திரம் கண்ணைக் கூசவைத்து, மேலே இருக்கும் நிஜத்தை மறைத்துவிடுகிறது.

இது வெறும் அழகியல் குறை இல்லை. வானத்தைப் பார்க்காததால்தான் வாட்ஸ்அப்பில் வந்ததெல்லாம் பிரசங்கத்தில் ஏறிவிடுகிறது.

சில உதாரணங்கள். "நாசா கணினி யோசுவாவின் காணாமற்போன நாளை (யோசுவா 10-இல் சூரியன் நின்ற நாளை) கண்டுபிடித்தது." கணினியால் முடியாத வேலை இது. கோள்களின் ஓட்டத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் அவை எங்கே இருந்திருக்கும் என்று தெரியும், அவ்வளவுதான். நடுவில் ஒரு நாள் நின்றதா என்று அறிய, ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு பதிவு வேண்டும். "நீங்கள் பார்க்கும் நட்சத்திரங்களில் பாதி எப்போதோ செத்துவிட்டன." இதுவும் தப்பு. வெறும் கண்ணுக்குத் தெரிபவை பெரும்பாலும் சில ஆயிரம் ஒளியாண்டுக்குள் (ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம்) இருப்பவை; நட்சத்திர ஆயுளோ லட்சக்கணக்கில் தொடங்கி கோடிக்கணக்கான ஆண்டுகள். அநேகமாக எல்லாமே இன்றும் இருக்கின்றன. அடுத்து பெத்லகேம் நட்சத்திரம்: வியாழனும் சனியும் சேர்ந்து ஒரே நட்சத்திரமாகத் தெரிந்ததுதான் அது என்பார்கள். கி.மு. 7-இல் வியாழனும் சனியும் மூன்று முறை நெருங்கியது உண்மை. ஆனால் அவற்றுக்கு இடையே ஏறக்குறைய ஒரு பாகை, அதாவது இரண்டு முழுநிலவு அகலம், இடைவெளி இருந்தது. ஒரே நட்சத்திரமாக யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது.

மறுபக்கம் இன்னொரு வாதம் உண்டு: "பிரபஞ்சம் இவ்வளவு பெரிது, இதில் மனுஷனை ஒரு கடவுள் கவனிப்பாரா?" தொலைநோக்கி வந்த பிறகுதான் விசுவாசிகளுக்கு இந்தச் சங்கடம் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. வானத்தோடு ஒப்பிட்டால் பூமி ஒரு புள்ளிக்குச் சமம் என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே வானியலாளர் தாலமி எழுதிவிட்டார். அவருக்கும் பல நூற்றாண்டு முன்பு, "மனுஷனை நீர் நினைக்கிறதற்கு அவன் எம்மாத்திரம்" என்று எட்டாம் சங்கீதம் கேட்டாயிற்று. அந்தச் சங்கீதத்தில் சந்திரன் உண்டு, நட்சத்திரங்கள் உண்டு, சூரியன் இல்லை. இரவில் வெளியே நின்றவன் பாடியது போலிருக்கிறது. நாத்திக நண்பர் கேட்கும் கேள்வியை வேதமே முதலில் கேட்டுவிட்டது. அதற்குப் பதறி "நிரூபணம்" தேட வேண்டிய அவசியம் நமக்கு ஏன்?

அளவைக் காட்ட ஆலயமே போதும். 14 செ.மீ. விட்டமுள்ள உரித்த தேங்காயைச் சூரியனாகப் பலிபீடத்தில் வையுங்கள். பூமி ஒரு சின்னக் கடுகு, 1.3 மி.மீ. கூட வராது. அதை 15 மீட்டர் தள்ளி வாசல் பக்கம் வைக்க வேண்டும். நெப்டியூன் அரை கிலோமீட்டருக்குச் சற்று உள்ளே, அடுத்த தெருவில். அடுத்த நட்சத்திரமான ஆல்ஃபா சென்டாரி? இதே அளவில் 4,100 கி.மீ. உங்கள் ஆலயம் மும்பையில் இருந்தால், அடுத்த தேங்காய் ஏறக்குறைய எருசலேமில். பிள்ளைகளுக்கு "ஒளியாண்டு" என்று பத்து முறை சொல்வதைவிட இது ஒருமுறை போதும்.

அந்த ஆல்ஃபா சென்டாரி ஒன்றல்ல, இரட்டை என்று கண்டறிந்தவர் யார் தெரியுமா? 1689 டிசம்பரில், புதுச்சேரியில், ஒரு வால்நட்சத்திரத்தைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த சேசு சபைக் குரு ழான் ரிஷோ. நம் கடற்கரையில் நடந்த இந்தச் சங்கதி எந்தப் பிரசங்கத்திலும் வருவதில்லை. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதிய ஜார்ஜ் லெமேத்ரும் ஒரு குருவானவர்தான். 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், அந்தக் கோட்பாடு படைப்புக்குச் சாட்சி சொல்வதுபோலப் பேசியபோது லெமேத்ருக்கு அது பிடிக்கவில்லை. கோட்பாடு நாளை மாறலாம். அதன்மேல் விசுவாசத்தைக் கட்டக்கூடாது. என் கட்சியும் அதுதான். வானம் எதிராளியின் வாயை அடைக்கும் ஆதாரம் அல்ல. "உங்கள் கண்களை ஏறெடுத்துப்பாருங்கள்" என்கிறது ஏசாயா 40:26. முதலில் பார்க்கச் சொல்கிறது.

ஆகவே ஆயர்களுக்கும் வாலிபர் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆராதனை முடிந்ததும் வெளி விளக்குகளை 20 நிமிடம் அணையுங்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் வேண்டும். நடுவில் ஒரே ஒருவர் போன் டார்ச் அடித்தாலும் எல்லாம் முதலிலிருந்து. படிக்கட்டுப் பக்கம் மட்டும் சிவப்பு செலஃபேன் சுற்றிய ஒரு டார்ச் இருக்கட்டும், பெரியவர்கள் தடுக்கி விழக்கூடாது. நிலா இருந்தாலும் சிரியஸ், அகத்தியர், மிருகசீரிஷம் தெரியும், மங்கலானவைதான் போகும். வடகிழக்குப் பருவமழை மிச்சமிருந்து மேகம் மூடினால் ஜனவரி கடைசியில் வையுங்கள், அப்போது இதே வானம் இரவு பத்தரைக்கே கிடைக்கும்.

"525 மடங்கு" என்று பெட்டியில் போட்டு விற்கும் மேசைத் தொலைநோக்கியை வாங்காதீர்கள். ஸ்டாண்ட் ஆடும், படம் மங்கும். நல்ல தொலைநோக்கியிலும் 100 மடங்கு வைத்தால், பூமி சுற்றுவதால் இரண்டு நிமிடத்துக்குள் நட்சத்திரம் பார்வையைவிட்டு நழுவிவிடும். அறுபது பேர் வரிசையில் நின்றால் பாதிப்பேர் வெற்று இருட்டைப் பார்த்துவிட்டு "ஸ்தோத்திரம்" என்று நகர்வார்கள். 7x50 அல்லது 10x50 (7 அல்லது 10 மடங்கு, முன்கண்ணாடி 50 மி.மீ.) பைனாகுலர் இரண்டு போதும்.

அகத்தியரைக் காட்டும்போது இதைச் சொல்லுங்கள்: தூரம் ஏறக்குறைய 310 ஒளியாண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது 1715-இல். அந்தக் காலத்தில் புறப்பட்ட ஒளிதான் இப்போது கண்ணில் விழுகிறது.

மேற்கே பாதி உயரத்தில் கொத்தாகத் தெரிவது கார்த்திகை. யோபு 38:31-இல் "அறுமீன்" என்று நம் வேதாகமம் சொல்வது இதைத்தான். எத்தனை தெரிகிறது என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். ஆறு என்பார்கள், கூர்மையான கண் ஏழு என்கும். பைனாகுலரைக் கொடுத்தால் எண்ணிக்கை கைமீறிப் போகும். அப்போது 147-ஆம் சங்கீதத்தின் மூன்றாம், நான்காம் வசனங்களைச் சேர்த்துச் சொல்லலாம். நொறுங்குண்ட இருதயத்தின் காயங்களைக் கட்டுகிறவர், அடுத்த வரியிலேயே நட்சத்திரங்களுக்குப் பேரிட்டு அழைக்கிறார். மனப்பாடமாகச் சொல்லுங்கள், போனைத் திறக்க வேண்டாம்.