எந்தக் கணக்கு தீர்ந்தது?

எந்தப் பதிவைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். ஸ்கிரீன்ஷாட் போட்டு இன்னும் நாலு பேருக்குக் காட்ட விருப்பமில்லை. வெண்மணி நினைவிடத்தின் படம், பக்கத்தில் கத்தி ஈமோஜி, கீழே ‘1980ல் கணக்கு தீர்ந்தது’. அதற்கு எத்தனை இதயங்கள்! நான் போய் ‘எந்தக் கணக்கு?’ என்று மட்டும் கேட்டேன். ராத்திரிக்குள் பண்ணையார்களின் வக்கீல் ஆகிவிட்டேன். ரொம்ப சந்தோஷம்.

சரி, கேட்டதைக் கொஞ்சம் விரிவாகவே கேட்கிறேன்.

1968 டிசம்பர் 25 இரவு, கீழத்தஞ்சையின் கீழவெண்மணியில், ராமையாவின் குடிசையில் தலித் கூலிக்காரக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிந்துபோனார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். அரைப்படி நெல் கூடுதலாகக் கூலி கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் குற்றம். 1970ல் நாகப்பட்டினம் நீதிமன்றம், நிலக்காரர்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களுக்குப் பத்தாண்டு கொடுத்தது. 1973ல் உயர் நீதிமன்றம் எல்லோரையும் விட்டுவிட்டது. குற்றம் சாட்டப்பட்ட 23 பேருமே மிராசுதாரர்களாக இருப்பது நீதிமன்றத்துக்கு ஆச்சரியமாக இருந்ததாம். பெரிய நிலக்காரர்கள், முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்ட நாயுடுவிடம் கார் வேறு இருக்கிறது, அவர்களா நேரில் வந்து கொளுத்துவார்கள் என்று சந்தேகம். அதே இரவில் மிராசுதாரர் தரப்பில் ஒருவர் செத்ததற்கு மட்டும் கூலிக்காரர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். அந்தச் சந்தேகத்தின் பலன் இவர்களுக்கு வரவில்லை. இவர்களிடம் கார் இல்லையே.

1980 டிசம்பரில் நாயுடு கொல்லப்பட்டார். இதில் எந்தக் கணக்கு தீர்ந்தது, சொல்லுங்கள். மற்ற 22 பேர் கணக்கு? அந்தத் தீர்ப்பின் கணக்கு? அரைப்படி நெல்லின் கணக்கு?

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ‘இழந்தவனுக்குத்தான் தெரியும்’ என்று கிளம்பிவிடுவீர்கள். கூட்டுறவுச் சங்கத் தேர்தல் தகராறில் என் சித்தப்பாவை வெட்டிப் போட்டார்கள். பட்டப்பகல், கடைத்தெரு. பார்த்தவர்கள் அத்தனை பேரும் கோர்ட்டில் ‘நான் பார்க்கலீங்க’ என்றார்கள். கேஸ் தள்ளுபடி. சில வருஷம் கழித்து, வெட்டியவன் லாரியில் அடிபட்டுச் செத்தான். எதிர்வீட்டு மாமா மூச்சிரைக்க ஓடிவந்து, “அக்கா, சாமி கூலி குடுத்துருச்சுக்கா” என்றார். அப்பாயி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. கையை நிறுத்தவில்லை. “சாமி குடுத்துச்சு, சரி. நீ அன்னைக்குக் கடையிலதானே நின்னே? நீ எப்ப சொல்லப்போறே?” என்று கேட்டது. மாமா வந்த வழியே போனார். அதற்கப்புறம் எங்கள் வீட்டுப்பக்கம் வரவே இல்லை.

அந்த மாமாவைத்தான் இந்த இதயங்களில் பார்க்கிறேன். ஒரு ஆள் செத்தால் எத்தனை பேர் தப்பித்துக்கொள்கிறார்கள்! சாட்சி சொல்லாதவன், விடுதலை கொடுத்தவர், வேடிக்கை பார்த்த ஊர், எல்லோருக்கும் நிம்மதி. வில்லன் போய்விட்டான், படம் முடிந்தது, எழுந்து போகலாம்.

‘நாயுடுவுக்குக் கண்ணீர் விடுகிறாயா?’ இல்லை. ஒரு சொட்டு வராது. ‘அப்படியென்றால் மன்னிக்கச் சொல்கிறாயா?’ நான் எங்கே சொன்னேன்? ‘பழசைக் கிளறாதீர்கள்’ என்று டிசம்பர் தோறும் உபதேசிக்கும் பெரியமனிதர்களை உங்களைவிட எனக்குத்தான் பிடிக்காது. மன்னிக்க அவர்கள் யார், அவர்கள் வீட்டிலா பிள்ளை எரிந்தது? ‘சட்டம் கைவிட்டால் வேறு என்ன செய்வது?’ இதற்கு என்னிடம் பதில் இல்லை. அரிவாள் எடுத்தவர்களுக்குத் தீர்ப்புச் சொல்கிற யோக்கியதையும் எனக்கில்லை. அவர்கள் விலை கொடுத்தார்கள். சென்னையில் ஏசி போட்டுக்கொண்டு கத்தி ஈமோஜி தட்டியவர் என்ன கொடுத்தார், டேட்டா பேக்கா?

இன்னொன்று. வெண்மணிச் செய்தி கேட்டு காந்தியத் தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் கீழத்தஞ்சைக்கு வந்தார்கள். 1981ல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலமே இல்லாத தலித் குடும்பங்களுக்கு, அதுவும் பெண்கள் பெயரில், நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். பேச்சுவார்த்தை, பேங்க் கடன், பத்திரப் பதிவு என்று வருஷக்கணக்கில் அலைச்சல். காந்தியர்கள் என்று உங்களுக்கு இளக்காரம் இருக்கலாம், எனக்கும் அவர்களோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போகாது. ஆனால் கூலிக்குக் கை நீட்டி நின்றவள் கையில் பட்டா வந்ததே, அது கணக்கில் சேராதா? அதற்கு ஒரு பதிவு போட்டீர்களா? ரத்தம் இல்லையே, லைக் விழாது.

கடைசியாக அந்த நண்பருக்கு. பெயர் வேண்டாம். கல்லூரி ஹாஸ்டலில் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். என் சித்தப்பா கதை முழுக்கத் தெரிந்த ஆள் நீ. நீயும் வந்து ‘இவன் சாதி என்னன்னு பாருங்க’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறாய். மற்றவர்கள் ஏசியது எனக்கு உறைக்கவே இல்லை. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம், நம்பர் மாறவில்லை.

அன்ஃப்ரெண்ட் செய்கிறவர்கள் தாராளமாகச் செய்யுங்கள். சண்டைக்கு வருகிறவர்கள் மட்டும் 1973 தீர்ப்பைப் படித்துவிட்டு வாருங்கள். அதைப் படிக்காத யாருக்கும் இங்கே பதில் சொல்லப்போவதில்லை.