மீன் தின்று வளர்ந்த பூனைக்கும் மீன் ஒவ்வாமை வரும்

பூனை ஓயாமல் சொறிந்தால், "குட்டியிலிருந்து மீன் தின்கிற பூனைக்கு மீன் ஒத்துக்கொள்ளாமல் போகாது, சோற்றை ஒரு வாரம் நிறுத்துங்கள்" என்று சிலர் சொல்வது தவறு. ஒவ்வாமை பெரும்பாலும் தின்று பழகிய புரதத்துக்குத்தான் வரும். பூனைகளில் மாட்டிறைச்சி, மீன், கோழி மூன்றுக்கும் அதிகம். கடலூர் முதுநகர் பக்கம் தினமும் மத்தி போடும் வீடுகளில் மீனையும் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

தலை, கழுத்தைப் புண்ணாகச் சொறிந்தால் முதலில் தெள்ளுப்பூச்சிக்குப் பூனைக்கான மருந்து போடுங்கள் (நாய்க்கான சில மருந்துகள் பூனையைக் கொன்றேவிடும்). அப்புறம் மருத்துவர் சொல்லும் புது உணவை மட்டும் குறைந்தது 8 வாரம். நடுவில் ஒரு துண்டு கருவாடுகூடக் கூடாது. அரிப்பு அடங்கியபின் பழைய உணவைக் கொடுத்து, திரும்ப வருகிறதா என்று பார்த்தால்தான் உறுதி. ரத்தப் பரிசோதனையை நம்பி முடிவெடுக்க முடியாது. புது உணவைத் தொடவில்லையென்றால் தயவுசெய்து பட்டினி போடாதீர்கள். சில நாள் பட்டினியே கல்லீரலைக் கெடுத்துவிடும்.