198 டாலர் 36 சென்ட்

ரீமேக் என்றாலே எனக்கு ஆகாது. நன்றாக எடுத்து வைத்த பழைய படத்தை மறுபடி எதற்குக் கிளற வேண்டும் என்கிற கட்சி நான். அந்தக் கட்சியை உடைத்த ஒரே படம் 2007-இல் வந்த '3:10 டு யூமா'. நேற்று ராத்திரி நாலாவது முறையாகப் பார்த்தேன். முடிவையும் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளவும்.

எல்மோர் லெனார்ட் 1953-இல் எழுதிய சிறுகதைதான் மூலம். அரிசோனாவில் பிடிபட்ட ஒரு கொள்ளைக்காரனை 3:10 ரயிலில் ஏற்றி யூமா சிறைக்கு அனுப்ப வேண்டும். அவனை மீட்கக் கூட்டாளிகள் வருகிறார்கள். அவ்வளவுதான் கதை. 1957-இல் டெல்மர் டேவ்ஸ் கறுப்பு வெள்ளையில் எடுத்தபோது, காவலுக்குப் போகிறவனை மழை பொய்த்து நொடித்துப்போன பண்ணைக்காரனாக்கினார். கூலி 200 டாலர்.

50 வருடம் கழித்து ஜேம்ஸ் மேன்கோல்ட் அந்தப் பண்ணைக்காரனின் காலில் கை வைத்தார். உள்நாட்டுப் போரில் ஒரு காலை இழந்தவன் டேன் (கிறிஸ்டியன் பேல்). கடன்காரனின் ஆட்கள் நடுராத்திரியில் வந்து அவன் கொட்டகைக்குத் தீ வைக்கிறார்கள். அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பெரிய மகன் வில்லியம் அப்பாவை ஒரு பார்வை பார்க்கிறான். கோபமாக இருந்தால்கூடத் தேவலை. "உன்னால் ஆனது இவ்வளவுதானே" என்கிற பார்வை. பழைய படத்தில் பையன்கள் வீட்டோடு நின்றுவிடுவார்கள், ஊர் வரைக்கும் தேடி வருவது மனைவி. இதில் மகன் பின்னாலேயே வந்துவிடுகிறான். அந்தப் பார்வையும் கூடவே வருகிறது.

ஓட்டல் அறையில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது டேன் ஒரு கணக்கு சொல்வான். காலுக்காக அரசாங்கம் தந்த தொகை 198 டாலர் 36 சென்ட். இப்போது உயிரைப் பணயம் வைக்கப் பேசியிருப்பது 200. பேல் அதை அழாமல், மளிகைக்கடை பாக்கியைச் சொல்வதுபோலச் சொல்கிறார்.

கடைசி ஓட்டத்தில் கொள்ளைக்காரன் வேட் (ரஸ்ஸல் க்ரோ) டேனின் கழுத்தை நெரிக்கும்போதுதான் உண்மை வெளியே வருகிறது. போரில் டேன் பார்த்த ஒரே சண்டையில் பின்வாங்கித்தான் ஓடியிருக்கிறார்கள். காலைச் சுட்டது சொந்தப் படை ஆளே. இதை மகனிடம் எப்படிச் சொல்வது? வேட் கையை எடுத்துவிடுகிறான். அதற்கப்புறம் கைதியும் காவலாளியும் சேர்ந்தே ஸ்டேஷனை நோக்கி ஓடுகிறார்கள்.

"எந்தக் கொள்ளைக்காரன் தானே ஜெயிலுக்கு ஓடுவான்?" என்று என் நண்பன் இன்றுவரை சண்டை போடுகிறான். போடட்டும். ஒரு பையனுக்கு அவன் அப்பாவை வீரனாகக் காட்ட இரண்டு ஆண்கள் சேர்ந்து போடும் கூத்து அது. எனக்கு அந்த லாஜிக் போதும். டேன் சுடப்பட்டுச் சாகிறான், ஆனால் வேட் ரயிலேறியதை மகன் கண்ணால் பார்த்துவிட்டான்.

உடனே வேட் தன் கூட்டாளிகள் அத்தனை பேரையும் சுட்டுத் தள்ளுவதை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. வெளிர் கோட்டுக்காரனாக வரும் பென் ஃபாஸ்டர், தலைவன்மேல் நாய்போல விசுவாசம் வைத்தவன், நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டே சாவான். பாவம். நடுவில் சுரங்கப்பாதைப் பகுதியும் இழுவைதான்.

பழைய படத்தையும் விட்டுவிடாதீர்கள். ஒன்றரை மணி நேரம்தான். அதில் டேன் பிழைத்துக்கொள்வான், கடைசியில் மழையும் பெய்யும்.