கூலியைக் கொடுத்த கையே திருப்பி வாங்கிக்கொள்ளும் கதை

கம்பெனிகள் உலகை ஆளும் மாங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை, என்றால் உடனே வானளாவிய கட்டடம், ரோபோ காவல், கடைசியில் ஒரு பையன் எல்லாவற்றையும் தகர்ப்பது என்றுதான் நினைக்கிறோம். அப்படிப்பட்டவை எனக்கு மனதில் நின்றதே இல்லை. ஒரு கம்பெனி எப்படி மனிதனின் சட்டைப்பைக்குள்ளேயே வந்து உட்கார்ந்து ஆட்சி நடத்தும் என்று எனக்குக் காட்டியது, நொபுயுகி ஃபுகுமோட்டோ 1996ல் ஒரு வார இதழில் வரையத் தொடங்கிய ‘கைஜி’தான். சூதாட்டக் கதை என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் ஒதுக்கவே கூடாத கதை அது.

நான் சொல்வது அதில் வரும் சுரங்கப் பகுதியை. கடனைக் கட்ட முடியாதவர்களை தெய்ஆய் என்ற நிறுவனம் பூமிக்கு அடியில் கொண்டுபோய் வேலை வாங்குகிறது. எதற்கு? நாளைக்கு மேலே உலகமே அழிந்தாலும் அதன் தலைவர் சொகுசாக வாழ ஒரு நிலத்தடி ராஜ்ஜியம் கட்ட. மாதச் சம்பளம் 91,000 பெரிக்கா, அந்தத் தலைவரின் முகம் அச்சிட்ட நோட்டு. 10 பெரிக்கா சேர்ந்தால்தான் 1 யென், ஆக உண்மையில் 9,100 யென். ஒரே ஒரு நாள் வெளியே போய்வர 500,000 பெரிக்கா கட்ட வேண்டும். ஒரு காசு தொடாமல் சேர்த்தால் ஆறு மாதம், கடனில் மாட்டி அங்கே வந்த கதாநாயகன் கைஜியும் அப்படித்தான் முடிவெடுக்கிறான்.

அன்றைக்கே அணித் தலைவன் ஓட்சுகி சிரித்த முகத்தோடு வந்து ஒரு பியரைச் சும்மாவே கொடுக்கிறான். பல நாள் தூசியும் வியர்வையும் படிந்த தொண்டையில் அந்தக் குளிர்ந்த பியர் இறங்கும் பக்கங்களைப் பாருங்கள், கைஜி அழுகிறான். மறுநாள் அவனே காசு கொடுத்து வாங்குகிறான். அப்புறம் தின்பண்டம், அப்புறம் பகடை, அப்புறம் அடுத்த மாதச் சம்பளத்தில் முன்பணம். அந்த முன்பணத்தில் பாதி ஓட்சுகிக்கே போய்விடும், கைக்கு வருவது வெறும் 45,000. யாரும் யாரையும் அடிக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஜப்பான் ஞாபகமே வரவில்லை, மலாயாவின் பால்மரக்காடுதான், அதாவது ரப்பர் தோட்டம்தான், வந்தது. தோட்டத்துக் கடையில் பற்று, சம்பள நாளில் கங்காணியின் கணக்கு, மிச்சத்துக்குத் தோட்டத்திலேயே கள்ளுக்கடை. ஜோகூர் தோட்டத்தில் வளர்ந்த என் பாட்டி, சம்பள நாளில் தன் அம்மா கள்ளுக்கடை வாசலிலேயே போய் நிற்பார் என்று சொல்லியிருக்கிறார், கணவர் உள்ளே போவதற்குள் காசை வாங்கிவிட வேண்டும் என்பதற்காக. 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள், கள்ளுக்கடையை மூடு என்றார்கள். அவர்களோடு நின்ற ஆர். எச். நாதனைக் கைது செய்தார்கள், பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கூலி எந்த வழியாகத் திரும்பிப் போகிறது என்று கண்டுபிடித்து அந்த வழியை அடைக்கச் சொன்ன மனிதர்கள் அவர்கள், நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சுரங்கத்திலும் கலகம் அப்படித்தான் தொடங்குகிறது. மியோஷி என்ற பயந்த சுபாவக்காரன் ஓட்சுகி உருட்டும் பகடை எண்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வருகிறான். அந்த நோட்டைப் பார்த்துத்தான் பகடையில் மோசடி இருப்பது கைஜிக்குப் புரிகிறது. கைஜியோடு சேர்த்துக் கடனாளிகள் ஆறு பேரும் முன்பணத்தைத் தொடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து, சம்பளத்தை ஒன்றாகச் சேர்த்து ஓட்சுகியை அவன் ஆட்டத்திலேயே மடக்குகிறார்கள். எனக்குப் பெரிதாகப் பட்டது அதற்கு அடுத்த கட்டம்: ஜெயித்த காசை எல்லாம் மற்ற ஐந்து பேர் கைஜியிடம் கொடுத்து, நீ வெளியே போய் எங்களை மீட்டு வா என்று அனுப்புகிறார்கள். மீட்கவும் செய்கிறான்.

சிங்கப்பூர்த் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டிருந்த கட்டுமான ஊழியர் தம்பி ஒருவர் தன் கைப்பேசியைக் காட்டினார். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஓவர்டைம், ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தார். ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் இன்னும் நிற்கிறது, அதனால் ஒரு மணி நேரம்கூட விட்டுப்போகக் கூடாது அண்ணே என்றார். 2016 ஏப்ரலிலிருந்து இங்கே சம்பளத்தைப் பிரித்துக் காட்டும் சீட்டை முதலாளி கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சீட்டில் உள்ள எண் சரியா என்று பார்க்க இவரிடமும் ஒரு கணக்கு இருக்க வேண்டுமே. தயவுசெய்து உங்களுக்குத் தெரிந்த தம்பிமார்களிடம் இதை மட்டும் சொல்லிவையுங்கள், எழுதி வைக்கச் சொல்லுங்கள், அறையில் இருக்கும் நாலு பேரும் சேர்ந்தே எழுதச் சொல்லுங்கள்.

பின்னால் வரும் பாகத்தில் இதே மியோஷி கைஜிக்குத் துரோகம் செய்கிறான், அப்போ அந்த ஒற்றுமைக்கு என்ன மதிப்பு என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆறு பேர் வெளியே வந்தார்கள், அது நடந்தது நடந்ததுதான், பின்னால் ஒருவன் கெட்டுப்போனதால் அவர்கள் திரும்பக் குழிக்குள் போய்விடவில்லை. பார்க்க விரும்புகிறவர்கள் இந்தக் கதையை வைத்து எடுத்த அனிமேயின் (ஜப்பானிய அசைவூட்டத் தொடரின்) 2011ல் வந்த இரண்டாம் பருவத்தைப் பாருங்கள், சுரங்கம் முழுக்க அதில்தான் இருக்கிறது.