கண்மாய் நிரம்பினால் குழாயில் தண்ணீர் வருமா?

'பெரிய கண்மாய் நிரம்பிவிட்டது, இனி ராமநாதபுரத்துக்குக் குடிதண்ணீர்க் கவலை இல்லை, நாம் குடிப்பது வைகைத் தண்ணீர்தானே' என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. வைகை நேராகக் கடலுக்குப் போகாமல் பெரிய கண்மாயில் வந்து சேர்வது உண்மை. ஆனால் அது முதலில் வயலுக்கான தண்ணீர்.

நகரத்துக் குழாயில் வருவதில் பெரும்பகுதி காவிரி. திருச்சி அருகே ஆற்று மணலுக்கு அடியில் ஊறும் நீரைக் கிணறுகளில் எடுத்து, 150 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் கொண்டுவருகிறார்கள். 616 கோடி ரூபாயில் போட்ட கூட்டுக் குடிநீர்த் திட்டம் அது. புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களும் அதே குழாயில்தான் பங்கு கேட்கின்றன. ராமேசுவரம் கடைக்கோடி. அதனால் வழியில் எங்காவது குழாய் உடைந்தாலோ மோட்டாருக்குக் கரண்ட் போனாலோ, வைகை கரைபுரண்டு ஓடினாலும் இங்கே குடம் காலிதான். தள்ளுவண்டியில் எட்டுக் குடம் அடுக்கிக்கொண்டு அலையும் எங்கள் தெருக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

அப்புறம், 'கடல் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் தருகிறார்கள்' என்று இன்னொருவர். நம் மாவட்டத்துக் கடலோர ஊரான நரிப்பையூரில் அப்படி ஒரு நிலையம் அமைத்தது உண்மை. ஆனால் அது சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கானது. சென்னைக்கான மீஞ்சூர், நெம்மேலி நிலையங்கள் மாதிரி ஒரு பெருநகருக்கே தண்ணீர் அனுப்பும் அளவு இல்லை.

கண்மாய் நிரம்பினால் பக்கத்துக் கிணறுகளில் ஊற்று ஏறும், உப்பு கொஞ்சம் குறையும். அந்த சந்தோஷம் எனக்கும் உண்டு.